ஆங்கில விகார வினைகள்: இறந்தகால வடிவமும் எச்ச வடிவமும் – தமிழ் இலக்கண நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் 'எட்' விகுதி ஏலாமல் இறந்தகாலம் காட்டும் வினைகள் 'ஒழுங்கற்ற வினைகள்' எனப் பெயர் பெற்று, நினைவில் இருத்த வேண்டிய பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் வெவ்வேறு காலத்து ஒலிவிதிகளின் எச்சங்கள் என்பதையும், அவற்றின் மூன்றாம் வடிவத்தை 'இறந்தகால எச்சம்' எனப் பெயர்ப்பது பிழையான புரிதலுக்கு இடம் தருகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பகுபத உறுப்பிலக்கணம் இவ்விளக்கத்திற்குக் கருவியாகக் கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: விகாரம், இடைநிலை, உயிர்த்திரிபு, வலிவினை, மெலிவினை, எச்சம்

முன்னுரை

'கோ – வென்ட் – கான்', 'கம் – கேம் – கம்', 'ஸீ – ஸா – ஸீன்' எனப் பள்ளியில் ஒரே குரலில் ஒப்பித்தது தமிழ்வழிக் கல்வி பயின்றோர் பலர்க்கும் நினைவிருக்கும். வாய்பாடு போலவே இப்பட்டியலும் மனப்பாடத்திற்கு உரியதாகக் கருதப்பட்டது. ஆனால் வாய்பாட்டிற்குப் பின்னால் பெருக்கல் என்னும் கணக்கு உண்டு என்பதை ஆசிரியர் சொல்லித் தந்தார். இப்பட்டியலுக்குப் பின்னால் ஏதேனும் கணக்கு உண்டா என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அகரவரிசையில் அடுக்கப்பட்டமையால், ஓரினமான வினைகள் ஒன்றையொன்று பாராமல் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடந்தன.

ஆங்கில வினையைத் தமிழாய்விதழ் ஒன்றில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுத்துக் காணும் பயிற்சி நம்மிடம் பழமையானது. அப்பயிற்சி உடையார்க்கு ஆங்கில வினைத்திரிபு புதிராகத் தோன்ற வேண்டுவதில்லை. அன்றியும், ஒப்பீட்டின்போது நம் மரபுச் சொற்களை எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தலாகாது என்பதும் தெளிவாகும். இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. ஒலிப்புடை வல்லினத்தையும் ஒலிப்பிலா வல்லினத்தையும் நம் எழுத்து வேறுபடுத்தாமையால், எழுதுதலையும் குதிரை ஊர்தலையும் குறிக்கும் வினைகள் இரண்டும் 'ரைட்' என்றே நிற்கும். அத்தகைய மயக்கம் தரும் எடுத்துக்காட்டுகள் கூடியவரை தவிர்க்கப்பட்டுள்ளன.

'எட்' விகுதியும் தடற ஒற்றும்

முதலில் 'ஒழுங்கான' வினையைக் காண்போம். எழுத்தில் 'எட்' என ஒரே வடிவில் நிற்கும் இவ்விகுதி ஒலிப்பில் மூன்றாகப் பிரிகிறது. ஒலிப்பிலா மெய்யின்பின் டகரச் சாயலான வல்லொலியாகவும், உயிரின்பின்னும் ஒலிப்புடை மெய்யின்பின்னும் அதன் ஒலிப்புடை இணையாகவும், இவ்விரு ஒலிகளுள் ஒன்றில் முடியும் பகுதியின்பின் இகரம் பெற்றும் அது வரும். 'வாக்ட்', 'கால்ட்', 'வான்டிட்' என்பன முறையே எடுத்துக்காட்டுகள். விகுதி ஒன்றே, சூழலால் ஒலி வேறுபடுகிறது.

நன்னூலார் த், ட், ற் என்னும் மூன்று ஒற்றுகளையும் இன் என்பதையும் இறந்தகால இடைநிலைகளாக வகுத்தார். இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பான்மை ஒன்றன் சூழல்வடிவங்களே என்பது இன்றைய மொழியியலார் கருத்து. உண் என்பதன்பின் தகரம் டகரமாகி 'உண்டான்' எனவும், செல் என்பதன்பின் லகரத்தோடு கலந்து றகரமாகிச் 'சென்றான்' எனவும் ஆயிற்று. ஆங்கிலத்தின் மூன்று ஒலிப்பும் தமிழின் மூன்று ஒற்றும் இவ்வகையில் ஒத்த இயல்பின. ஆங்கிலம் எழுத்தில் ஒன்றாகவும் ஒலியில் மூன்றாகவும் வைத்ததை, நாம் எழுத்திலும் வேறுபடுத்தி வைத்தோம், அவ்வளவே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரு மொழிகளிலும் இறந்தகாலத்தைப் பல்லொலி ஒன்று காட்டுவதைக் கண்டு, உடனே உறவு கற்பிக்கத் துணிவாரும் உளர். ஓர் ஒலி ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது. ஆங்கில இறந்தகால விகுதி செருமானியக் குடும்பத்தில் மட்டும் தோன்றிய புத்தாக்கம். 'செய்' என்னும் பொருளுடைய 'டூ' வினை பகுதியோடு ஒட்டிக் குறுகியதால் அது பிறந்தது என்னும் கருத்தே அறிஞரிடைப் பெருவழக்காக உள்ளது. தமிழ் இடைநிலையின் வரலாறு திராவிட மொழிகளுக்குள் தேடப்பட வேண்டியது.

பகுதியே காலம் காட்டல்

'ஸிங் – ஸேங் – ஸங்', 'ட்ரிங்க் – ட்ரேங்க் – ட்ரங்க்', 'ட்ரைவ் – ட்ரோவ் – ட்ரிவன்', 'ஸ்பீக் – ஸ்போக் – ஸ்போக்கன்' ஆகியவற்றில் இறந்தகாலத்திற்கு விகுதியே இல்லை. பகுதியின் உயிர் திரிந்து காலம் காட்டுகிறது. செருமானிய அறிஞர் யாக்கோப் கிரிம், 1819இல் வெளிவரத் தொடங்கிய தம் இலக்கண நூலில், பிறிதோர் உறுப்பின் துணையின்றித் தன் பகுதியாலேயே காலம் காட்டும் இவற்றை 'வலியன' என்றும், விகுதியின் துணை வேண்டுவனவற்றை 'மெலியன' என்றும் பெயரிட்டார். 'வல்வினை' என மொழிபெயர்த்தால் ஊழ்வினைப் பொருள் குறுக்கிடும் ஆதலின், 'வலிவினை', 'மெலிவினை' எனக் கொள்வது நன்று.

இடைநிலையின்றிப் பகுதி விகாரப்பட்டுக் காலம் காட்டுதல் நமக்குப் புதிதன்று. புகு – புக்கான், பெறு – பெற்றான், இடு – இட்டான் என்பவற்றில் பகுதியின் ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டிற்று என்பர் இலக்கண நூலார். இவற்றை ஒழுங்கற்றன என எவரும் விலக்கவில்லை. காலம் காட்டும் மற்றொரு முறை எனச் சேர்த்துக்கொண்டனர். உயிர் திரிவதும் நாம் அறியாததன்று. கெடு – கேடு, சுடு – சூடு, பெறு – பேறு என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்களில் உயிர் நீண்டு வினையைப் பெயராக்குகிறது. 'ஸிங்' என்னும் வினையிலிருந்து பாட்டைக் குறிக்கும் 'ஸாங்' என்னும் பெயர் அமைவதும் உயிர்த்திரிபாலேயே. தமிழில் அத்திரிபு தொழிற்பெயர்க்கு உரியதாயிற்று. ஆங்கிலத்தில் பெயர்க்கும் காலத்திற்கும் பொதுவாயிற்று.

இவ்வுயிர்த்திரிபு ஆங்கிலத்தின் ஆக்கமன்று. இந்தோ–ஐரோப்பிய மூலமொழியிலேயே இருந்தது. ஒரு வேர் எகரம் பெற்றும், ஒகரம் பெற்றும், உயிர் கெட்டும் மூவகையாக நிற்கும். வடமொழியில் எ, ஒ என்னும் குற்றுயிர்கள் அகரத்தோடு ஒன்றிவிட்டமையால் அங்கே இவ்வேறுபாடு ஓரளவு மறைந்தது; எனினும் குணம், விருத்தி என வடநூலார் வகுத்த உயிர்நிலைகளில் அதன் சுவடு காணலாம். கட்டுதலைக் குறிக்கும் 'பைண்ட் – பவுண்ட்' என்னும் ஆங்கில வினையும் வடமொழி 'பந்த்' என்னும் வேரும் ஒரே மூலத்தன. சைவ சித்தாந்த நூல்களில் பயிலும் 'பந்தம்', 'பெத்தம்' என்னும் சொற்கள் அவ்வடமொழி வேரின் இருவேறு நிலைகளிலிருந்து நமக்கு வந்தவை. பெத்த நிலை எனப் படித்தபோது ஆங்கில வினைப்பட்டியலின் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டிருந்தோம் என்பது வியப்பன்றோ!

பழைய ஆங்கிலத்தில் வலிவினைகள் 300க்கும் மேற்பட்டிருந்தன; அவை ஏழு வகுப்புகளாக அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் முதன்மை வடிவங்கள் நான்கு. பாடுதல் வினைக்கு 'ஸிங்கன்' என்பது பகுதிநிலை. 'ஸாங்' என்பது இறந்தகால ஒருமை. 'ஸுங்கொன்' என்பது இறந்தகாலப் பன்மை. 'யெஸுங்கென்' என்பது எச்சம். 'பாடினேன்' என்பதற்கு ஓர் உயிர், 'பாடினோம்' என்பதற்கு வேறோர் உயிர் என்பதே அன்றைய ஒழுங்கு. பின்னர் எண் விகுதிகள் தேய்ந்தபோது இரண்டு இறந்தகால வடிவங்களுக்கு இடமில்லாது போயிற்று. சில வினைகள் ஒருமை வடிவை வைத்துக்கொண்டன. 'ட்ரோவ்', 'ஸேங்' அத்தகையன. சில பன்மை வடிவையோ எச்ச வடிவையோ பின்பற்றின. 'பவுண்ட்', 'ஃபவுண்ட்', கடித்தலைக் குறிக்கும் 'பிட்' என்பன அவ்வழியின. 'ட்ரைவ்' ஏன் 'ட்ரோவ்' ஆயிற்று, அதே முதல் வகுப்பினதாகிய 'பைட்' ஏன் 'பிட்' ஆயிற்று என மாணவர் கேட்டால், முன்னது ஒருமையைப் பற்றியது, பின்னது பன்மை, எச்சங்களின் உயிரைப் பற்றியது என்பதே விடை.

இரு வடிவங்களையும் இன்றுவரை காத்த வினை ஒன்றுண்டு: 'வாஸ்' – 'வேர்'. ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று. உயிரோடு மெய்யும் இங்கு வேறுபடுகிறது. பழைய சொல்லழுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்து ஸகரம் ஒலிப்புடையதாகிப் பின் ரகரமான இம்மாற்றத்தை விளக்கியவர் டென்மார்க்கு அறிஞர் கார்ல் வெர்னர். சொல்லழுத்தம் மறைந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அதன் அடிச்சுவடு ஒரு துணைவினையில் நிற்கிறது.

திரிந்தது எந்தக் காலம்?

'எட்' ஏலாதன அனைத்தும் வலிவினைகள் எனக் கருதுதல் பெரும்பிழை. பட்டியலில் கணிசமானவை பிறப்பால் மெலிவினைகள். விகுதி பெற்றவையே, ஆனால் புணர்ச்சியில் உருமறைந்தவை. நம் மொழியில் சொல்வதானால், இவை சந்தியும் விகாரமும் மிக்க பகுபதங்கள்.

'கீப் – கெப்ட்', 'ஸ்லீப் – ஸ்லெப்ட்', 'ஃபீல் – ஃபெல்ட்' என்பவற்றில் நெடில் குறுகுகிறது. பகுதியின் மெய்யும் விகுதியின் மெய்யும் அடுத்தடுத்து நின்றபோது, இரு மெய்களின் முன் நின்ற நெடில் குறுகிற்று. நிகழ்காலத்தின் நெடிலோ குறுகாது நின்று, 15ஆம் நூற்றாண்டு முதல் நிகழ்ந்த பெரும் உயிர்மாற்றத்தில் ஏகாரத்திலிருந்து ஈகாரமாக உயர்ந்தது. இரண்டும் வெவ்வேறு வழியிற் சென்றமையால் இன்று தொடர்பற்றன போல் தோன்றுகின்றன. காண் – கண்டான், வா – வந்தான், தா – தந்தான் என்னும் குறுக்கம் நினைவுக்கு வரலாம். ஆயின் ஆள் – ஆண்டான், கேள் – கேட்டான் என்பவற்றில் நெடில் நிற்கிறது. தமிழ்க் குறுக்கம் சில பகுதிகளுக்கு மட்டும் உரியது. ஆங்கிலத்ததோ ஒலிச்சூழலால் நேர்ந்தது. தோற்ற ஒற்றுமை கற்பித்தலுக்கு உதவும், காரணம் வேறு.

'புட்', 'கட்', 'ஹிட்', 'ஸெட்' முதலியன மூன்று வடிவங்களிலும் மாறாது நிற்பவை. மாணவர்க்கு இவை எளியன. ஆயின் விகுதி எங்கே என்னும் வினா எழுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸெத்தன்' என்பதன் இறந்தகாலம் 'ஸெத்தெ'. பகுதியின் ஈற்றொலியும் விகுதியின் முதலொலியும் ஒன்றாகிக் கலந்தன; பின்னர் ஈற்று எகரம் கெட்டது; எஞ்சியது பகுதியைப் போன்றே தோன்றிற்று. ஒலியில் பல்லொலி ஈற்றையுடைய வினைகளே இக்குழுவில் உள்ளன என்பது இதற்குச் சான்று. பிரெஞ்சிலிருந்து வந்த 'காஸ்ட்', நோர்சு மொழியிலிருந்து வந்த 'ஹிட்' போன்றனவும் ஈற்றொலியால் இக்குழுவில் சேர்ந்துகொண்டன.

இன்னும் சுவையானவை 'டெல் – டோல்ட்', 'ஸெல் – ஸோல்ட்', 'ஸீக் – ஸாட்', 'டீச் – டாட்', 'பை – பாட்' ஆகியன. இவற்றின் இறந்தகாலம் விந்தையாகத் திரிந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறு. பழஞ்செருமானிய நிலையில் இவ்வினைகளின் நிகழ்காலத்தில் பகுதியை அடுத்து யகரச் சாயலுடைய ஓர் ஒலி இருந்தது. அது தனக்கு முன்னின்ற உயிரைத் தன்பால் ஈர்த்து முன்னுயிராக மாற்றிற்று. சிலவற்றில் ககரத்தைச் சகரமாகவும் மெலிவித்தது. பின் தான் மறைந்தது. இறந்தகாலத்தில் அவ்வொலி இன்மையால் பழைய உயிர் அப்படியே நின்றது. ஆகவே, திரிந்தது இறந்தகாலமன்று, நிகழ்காலமே. 'டோல்ட்' என்பதிலுள்ள உயிரே பகுதியின் பழைய உயிருக்கு நெருக்கமானது. இகரத்தையும் யகரத்தையும் அடுத்த தகரம் வழக்கில் சகரமாக மாறி 'அடித்து' என்பது 'அடிச்சு' என ஒலிப்பதைக் கேட்டுப் பழகியவர்க்கு இவ்வண்ணமாற்றம் எளிதில் விளங்கும்.

'ப்ரிங் – ப்ராட்', 'திங்க் – தாட்' என்பவற்றில் மூக்கொலி மறைந்தது. ககர வல்லொலி விகுதியின் முன் உரசொலியாகி, அதன்முன் நின்ற மூக்கொலி கெட்டு, ஈடாக உயிர் நீண்டது. அவ்வுரசொலியும் பின்னர்ப் பேச்சில் கெட்டது. எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒலியாத இரண்டெழுத்துகளாக இன்றும் நிற்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பழிப்போர் பலர். வரலாறு தேடுவோர்க்கு அது கல்வெட்டுப் போன்றது. எனினும் தோற்றம் ஏமாற்றவும் கூடும். 'ஃபைட் – ஃபாட்' இக்குழுவைச் சேர்ந்தது போல் ஒலித்தாலும் பிறப்பால் வலிவினை. 'கேட்ச் – காட்' என்பதோ வடபிரெஞ்சு வழக்கிலிருந்து வந்த கடன்சொல். பற்றுதற் பொருளில் அன்று வழங்கிய 'லாட்ச்' என்னும் வினையின் போலியாக இவ்வடிவம் பெற்றது. அயலிலிருந்து வந்தவரே ஊர்ப்பழக்கத்தை இறுகப் பற்றியமைக்கு இது சான்று. வழிகாட்டிய பழைய வினை இன்று அப்பொருளில் வழக்கிறந்தது.

'கோ – வென்ட்' பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. இவை இரு வேறு பகுதிகள். 'வென்ட்' என்பது திரும்பிச் செல்லுதலைக் குறித்த 'வெண்ட்' என்னும் வினையின் இறந்தகாலம். பழைய ஆங்கிலத்திலும் 'கோ' தனக்கென ஓர் இறந்தகாலம் இல்லாது 'யேயொதெ' போன்ற வேற்று வடிவையே இரவல் பெற்றிருந்தது. 'ஆம்', 'வாஸ்', 'பீன்' என்பன மூன்று வேர்களின் கூட்டு. இத்தகைய வேற்றுப்பகுதிச் சேர்க்கை தமிழ் வினைகளில் காண்பதரிது.

மூன்றாம் வடிவத்தின் இயல்பு

பட்டியலின் மூன்றாம் நிரலே பெருங்குழப்பத்திற்கு இடம். நம் பாடநூல்களும் அகராதிகளும் இதனைப் பெரும்பாலும் 'இறந்தகால எச்சம்' என்றோ 'இறந்தகால வினையெச்சம்' என்றோ குறிக்கின்றன. ஆங்கிலப் பெயரின் நேர்மொழிபெயர்ப்பே அது. ஆங்கிலப் பெயரே பொருத்தமற்றது என்பதுதான் சிக்கல். 'கடிதம் நாளை எழுதப்படும்' என்பதற்கு ஆங்கிலம் 'ரிட்டன்' என்னும் இவ்வடிவத்தையே ஆள்கிறது. நாளை நிகழ்வதில் இறந்தகாலம் எங்கே? இவ்வடிவம் தானாக எக்காலத்தையும் காட்டுவதில்லை. வினை நிறைவுற்ற நிலையையோ, வினையின் பயன் ஒன்றன்மேல் உற்ற நிலையையோ அது குறிக்கும். காலத்தைத் துணைவினை காட்டும்.

தமிழோடு ஒப்பிடும்போது இது இன்னும் தெளிவாகும். 'ரிட்டன்' என்னும் ஒரே வடிவத்திற்கு நாம் மூன்று எச்சங்களை ஆள்கிறோம். 'எழுதியிருக்கிறான்' என்னுமிடத்து 'எழுதி' என்னும் வினையெச்சம். 'கையால் எழுதிய கடிதம்' என்னுமிடத்து 'எழுதிய' என்னும் பெயரெச்சம். 'எழுதப்பட்டது' என்னுமிடத்து 'எழுத' என்னும் செயவெனெச்சம். ஆங்கிலத்தின் ஒரு சொல் தமிழின் எச்சப் பரப்பில் மூன்று இடங்களை நிரப்புகிறது. ஆதலின் அதனை வினையெச்சம் என்பதும் பெயரெச்சம் என்பதும் ஒரு பக்க உண்மையே. 'நிறைவெச்சம்' எனக் குறித்தல் ஓரளவு பொருந்தும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதுவும் முற்றும் குறையற்றதன்று; எனினும் காலத்தைச் சுட்டாமை அதன் நன்மை.

எல்லை ஒன்றும் உண்டு. நம் பெயரெச்சம் தனக்கென எழுவாய் கொள்ளும். 'நான் வாங்கிய நூல்' என்கிறோம். ஆங்கில நிறைவெச்சம் பெயர்முன் நிற்கும்போது அவ்வாறு எழுவாய் கொள்ளாது; அதற்கு வேறு தொடரமைப்பு வேண்டும். மேலும், 'உடைந்த கண்ணாடி', 'உடைத்த கண்ணாடி' எனத் தன்வினை பிறவினை வேறுபாட்டை எச்சத்திலேயே நாம் காட்டுவோம். ஆங்கிலத்தின் 'ப்ரோக்கன்' இரண்டையும் அடக்கும். கண்ணாடி தானே உடைந்ததா, பிறர் உடைத்தனரா என்பதை அச்சொல் கூறாது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் இங்கு ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளது.

நிறைவெச்சத்தின் இரு விகுதிகளும் தொன்மையானவை. வலிவினைகள் 'என்' பெறும். மெலிவினைகள் 'எட்' பெறும். இவற்றுக்கு இனமான 'ன', 'த' என்னும் விகுதிகள் வடமொழியிலும் உள. 'புத்த', 'சித்த', 'முக்த' என்பன தகர விகுதி பெற்றவை. 'பூர்ண', 'பின்ன' என்பன னகர இன விகுதி பெற்றவை. பிளவுபட்டது எனப் பொருள்படும் வடமொழிப் 'பின்ன' என்பதன் வேரும், ஆங்கிலத்தில் கடித்தலைக் குறிக்கும் 'பைட் – பிட் – பிட்டன்' வினையின் வேரும் ஒன்றே. கணக்குப் பாடத்தில் நாம் வழங்கும் 'பின்னம்' என்னும் சொல் ஒரு நிறைவெச்சத்தின் வழித்தோன்றல் என்றால் மிகையன்று.

ஆங்கிலத்தில் 'என்' விகுதி பல வினைகளில் தேய்ந்தது. 'ட்ரங்க்கன்' குன்றி 'ட்ரங்க்' ஆயிற்று. ஆனால் பெயரடையாக நிற்குமிடத்தில் பழைய முழுவடிவம் பிழைத்தது. குடிகாரனை அடைமொழியாகச் சுட்ட 'ட்ரங்க்கன்', மூழ்கிய கப்பலுக்குச் 'ஸங்க்கன்', உருகிய இரும்புக்கு 'மோல்ட்டன்' என்பன வாழ்கின்றன. 'மெல்ட்' என்னும் வினை இன்று 'எட்' பெறும் ஒழுங்கான வினை. அதன் பழைய எச்சம் மட்டும் அடைமொழியாகத் தனித்து நிற்கிறது. அடைமொழியாகி வழக்கில் உறைந்த வடிவம் வினையினின்று பிரிந்து நெடுங்காலம் வாழும் போலும்.

இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தவண்ணம் உள்ளன. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கற்றோரும் எச்சத்தின் இடத்தில் 'ரோட்', 'ட்ரேங்க்' போன்ற இறந்தகால வடிவங்களை எழுதினர். இராபர்ட்டு லௌத்து 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் இவ்வழக்கைப் பிழை எனக் கண்டித்தார். பேச்சு வழக்குகளில் இதற்கு மறுதலையாக, 'ஸீன்', 'டன்' என்னும் எச்சங்கள் இறந்தகாலமாக ஆளப்படுகின்றன. ஒழுங்கான வினைகள் அனைத்திலும் இவ்விரு வடிவங்களும் ஒன்றே ஆதலின், இந்நகர்வு இயல்பானது. மூன்று நிரல்களையும் மும்மூன்றாக நிறுத்தியதில் இலக்கண ஆசிரியர்க்கும் அச்சுக்கும் பங்குண்டு. 'கெட்' என்பதற்கு அமெரிக்கர் 'காட்டன்' எனவும் பிரித்தானியர் 'காட்' எனவும் எச்சம் வழங்குவது, அந்நிறுத்தம் எங்கும் ஒருபடித்தாக நிகழவில்லை என்பதைக் காட்டும்.

தேய்வும் வரவும்

பழைய ஆங்கில வலிவினைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இன்று வழக்கிலேயே இல்லை. எஞ்சியவற்றுள் பல மெலிவினைகளாயின. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் 'ஹோல்ப்' என்றும், எச்சம் 'ஹோல்ப்பன்' என்றும் இருந்து, இன்று 'ஹெல்ப்ட்' ஆகியுள்ளது. எவை மாறும், எவை நிற்கும்? எரேசு லீபர்மன் முதலானோர் 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், பழைய ஆங்கிலத்தில் திரிபுடையனவாக இருந்த 177 வினைகளைப் பின்தொடர்ந்தனர். இடைக்கால ஆங்கிலத்தில் 145 அவ்வாறே நின்றன. இன்று 98 நிற்கின்றன. பயில்வு மிக்க வினைகள் நிலைத்தன, அருகியவை ஒழுங்காயின. ஒரு வினையின் பயில்வு மற்றொன்றைவிட நூறு மடங்கு குறைந்தால், அது பத்து மடங்கு விரைவாக ஒழுங்காகும் என்பது அவர்தம் கணக்கு.

காரணம் எளிதில் உணரத்தக்கது. நாள்தோறும் கேட்கும் சொல்லை நினைவு முழுதாக வைத்துக்கொள்ளும். எப்போதோ கேட்கும் சொல்லுக்கு விதியே துணை. குழந்தைகள் முதலில் 'வென்ட்' எனச் சரியாகச் சொல்லி, விதியைக் கண்டபின் 'கோட்' எனச் சொல்லத் தொடங்கி, மீண்டும் 'வென்ட்'டுக்கு வருவது பலமுறை பதிவு செய்யப்பட்டுள்ளது. விதியும் நினைவும் இருவேறு பொறிகளா, ஒரே வலைப்பின்னலின் இரு விளைவுகளா என்பது பற்றி, 1986இல் இருமெல்கார்ட்டும் மெக்லெலண்டும் ஒரு கணிப்பொறிப் படிமத்தை முன்வைத்ததும், 1988இல் பிங்கரும் பிரின்சும் அதனை மறுத்ததும் உளமொழியியலில் நெடிய விவாதத்திற்கு வித்திட்டன.

ஆயினும் வரலாறு ஒரே திசையில் ஓடவில்லை. அணிதலைக் குறிக்கும் 'வேர்' பழைய ஆங்கிலத்தில் மெலிவினை. இன்று 'வோர் – வோர்ன்' என வலிவினைபோல் நடக்கிறது. மணியடித்தலைக் குறிக்கும் 'ரிங்' வினையும் அவ்வாறே 'ரேங்' ஆயிற்று. தோண்டுதலைக் குறிக்கும் 'டிக்' 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் 'டிக்ட்' என்றே வருகிறது, 'டக்' பிற்காலத்தது. அமெரிக்க வழக்கில் 'டைவ்' என்பதற்கு 'டோவ்' என்பதும், 'ஸ்னீக்' என்பதற்கு 'ஸ்னக்' என்பதும் 19ஆம் நூற்றாண்டின் புதுவரவுகள். 'ஸ்டக்', 'ஸ்ட்ரக்', 'க்ளங்' முதலிய சொற்களின் ஒலிச்சாயல் ஒரு குழுவாக நின்று புதியனவற்றைத் தன்னிடம் இழுக்கிறது. 1958இல் ஜீன் பெர்க்கோ நடத்திய சோதனையில், 'க்ளிங்' என ஒலிக்கும் ஒரு பொய்ச்சொல்லுக்கு இறந்தகாலம் கேட்டபோது, பெரியவர் பலர் விகுதி சேர்க்காது உயிரைத் திரித்தே விடை கூறினர். செத்த விதியாயின் பொய்ச்சொல்லில் எவ்வாறு செயற்படும்?

பிறப்பும் ஒரு வரையறை. வளையமிடுதலைக் குறிக்கும் 'ரிங்', பெயரிலிருந்து ஆக்கிய வினை ஆதலின் 'ரிங்ட்' என ஒழுங்காகவே வரும். ஒலியால் ஒன்றாயினும் மணியடித்தலைக் குறிக்கும் வினையின் திரிபு அதற்கு இல்லை. ஆனால் 'ஸ்ட்ரிங்' என்பதும் பெயரடிப் பிறந்ததே. அது 'ஸ்ட்ரங்' ஆயிற்று. ஒலிச்சாயலின் ஈர்ப்பு அங்கே பிறப்பை வென்றது.

வகுப்பறைக்குச் சில

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு ஒன்றே ஒன்றை வற்புறுத்தலாம்: பட்டியலின் அகரவரிசை கைவிடப்பட வேண்டும். 'ஸிங், ரிங், ட்ரிங்க், ஸிங்க், பிகின்' ஓர் இனம். 'கீப், ஸ்லீப், வீப், ஸ்வீப்' ஓர் இனம். 'புட், கட், ஹிட், ஷட்' ஓர் இனம். 'டெல், ஸெல்' ஓர் இனம். இனம் அறிந்த மாணவர்க்குச் சுமை குறைவு. உண் – உண்டான், காண் – கண்டான் என்பவற்றை ஓரினமாகவும், நில் – நின்றான், செல் – சென்றான் என்பவற்றை ஓரினமாகவும் நாம் கற்பிப்பது இம்முறையிலேதான்.

பிழைகளை நோக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். 'கேட்ச்ட்' என எழுதும் மாணவர் விதியை அறிந்தவர். பட்டியலின் ஒரு வரி மட்டும் அவரிடம் சேரவில்லை. 'டிட்' என்னும் துணைவினையோடு 'வென்ட்' என எழுதுபவரின் பிழை முற்றிலும் வேறு. அவர் ஒரே காலத்தை இருமுறை காட்டுகிறார். முன்னவர்க்குப் பட்டியல் தேவை. பின்னவர்க்கு எத்தனை முறை பட்டியலை ஒப்பித்தாலும் பயனில்லை. இப்பிழையைத் தாய்மொழித் தாக்கம் என ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று, அது பொருந்தாது. தமிழிலும் 'வந்தவில்லை' என எவரும் சொல்வதில்லை. 'வரவில்லை' என்றே சொல்கிறோம். காலம் காட்டும் இடைநிலையை நீக்கிச் செயவெனெச்சத்தை நிறுத்தும் அவ்வமைப்பும், ஆங்கிலத்தில் 'டிட் நாட்' என்பதன்பின் பகுதியை மட்டும் நிறுத்தும் அமைப்பும் இவ்வொரு வகையில் ஒத்தவை. 'வரவில்லை' என்பதைக் கரும்பலகையில் எழுதி, இதில் இறந்தகால இடைநிலை எங்கே எனக் கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.